விதைப்புக்கு முன்பணம், களத்தில் வழிமறிப்பு

2019 ஜனவரி இறுதியில் ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ ஸ்டீம் கடையின் விற்பனையிலிருந்து நீங்கி, எபிக் கேம்ஸ் ஸ்டோரில் மட்டும் கிடைக்கும் விளையாட்டானது. வெளியீட்டுக்கு அப்போது மூன்று வாரம்கூட மீதியில்லை. ஸ்டீமில் அதற்கு முன்பே முன்பதிவு நடந்துவந்தது. பதிவு செய்தவர்களுக்கு அங்கேயே விளையாட்டு கிடைத்தது. மற்றவர்கள் புதுக் கடைக்குப் போக வேண்டும், அல்லது ஓராண்டு காத்திருக்க வேண்டும். கணினி விளையாட்டுக் கடைகளின் போட்டியைப் பற்றிய வாதம் இன்றும் அந்த நிகழ்விலிருந்தே தொடங்குகிறது. ஒரு சாரார் அதைத் துரோகம் என்பர். மறுசாரார் ஏகபோகத்தை உடைக்க வேறு வழியில்லை என்பர். முதல் கூற்றில் கோபம் இருக்கிறது, இரண்டாவதில் நோக்கம் இருக்கிறது. ஒரே கடையில் மட்டும் விற்க வைக்கும் எந்தத் தனியுரிமை ஒப்பந்தம் நியாயமானது, எது அநியாயமானது என்று பிரித்துக்காட்டும் அளவுகோல் இரண்டிலும் இல்லை.

அந்த அளவுகோல் கரிசல்காட்டு வியாபாரத்தில் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி விவசாயி விதைப்புக்கு முன் கமிஷன் கடையில் முன்பணம் வாங்குவது பழைய வழக்கம். வாங்கியவர் பருத்தியையும் வத்தலையும் அந்தக் கடைக்கே போட வேண்டும். இந்த ஏற்பாடு வட்டியாலும் விலைக் குறைப்பாலும் விவசாயியை நசுக்கியதும் உண்டு. ஆனாலும் அந்தப் பணம் இல்லாமல் பல காடுகள் தரிசாகக் கிடந்திருக்கும். இன்னொரு வகை உண்டு: அடுத்தவர் முதலீட்டில் விளைந்து, களத்தில் குவிந்து, வேறொரு மண்டிக்கு வண்டி கட்டிவிட்ட சரக்கைக் கூடுதல் பணம் வைத்து மறித்துத் திருப்புவது. இரண்டிலும் சரக்கு ஒரே கடைக்குத்தான் போகிறது. முதலாவதில் வெள்ளாமை உண்டாகிறது. இரண்டாவதில் வெள்ளாமை இடம் மாறுகிறது. விளையாட்டுக் கடைகளின் தனியுரிமை ஒப்பந்தங்களை இந்த வேறுபாட்டை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

வழிமறிப்பின் முழு வடிவத்தையும் இந்த வட்டாரம் ஒருமுறை பார்த்திருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் ஸ்டீமர்ஸிடம் வாடகைக்கு எடுத்த கப்பல்களை நம்பித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியது. அதுவரை அந்தக் கடலை ஆண்ட பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி முதலில் கட்டணத்தில் கைவைக்கவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர்களை நெருக்கி அந்த ஒப்பந்தத்தை முறிக்க வைத்தது. வ.உ.சி. கொழும்பிலிருந்து வேறு கப்பல் அமர்த்தினார். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாகவே வந்து சேர்ந்தன. அதன்பின்தான் எதிர்த்தரப்பு கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது, இலவசமாக ஏற்றியது, ஏறியவர்களுக்குக் குடையும் கொடுத்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. அதை மறைத்தால் திறனாய்வு பழுதாகும். தூத்துக்குடியில் இலவசம் கொடுத்தது ஏற்கனவே கடலை ஆண்ட கம்பெனி. இங்கே விளையாட்டுகளை இலவசமாகக் கொடுப்பது புதிதாக வந்த எபிக் கடை. அங்கே ஒரு தரப்பின் பின்னால் அரசும் சிறையும் நின்றன. இங்கே இரு தரப்பும் அமெரிக்கத் தனியார் நிறுவனங்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியும் அல்ல, எபிக் சுதேசிக் கம்பெனியும் அல்ல. ஆனால் கருவிகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன: சரக்கு வரும் வழியை அடைப்பது, நட்டத்துக்கு விற்று ஆளைச் சேர்ப்பது. கருவியை எடுத்தவர் பெரியவரா சிறியவரா என்பது அனுதாபத்தை முடிவு செய்யலாம். கருவியின் தன்மையை அது மாற்றாது.

முதலில் ஸ்டீம். 2003 செப்டம்பரில் தொடங்கிய இந்தக் கடையும் ஒரு தனியுரிமையில்தான் வளர்ந்தது. 2004 நவம்பரில் வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ஐ வட்டாக வாங்கியவர்கூட ஸ்டீமை நிறுவித்தான் ஆட முடிந்தது. ஆனால் அந்த விளையாட்டு வால்வ் தன் முதலீட்டில் உருவாக்கியது. சொந்தக் காட்டு விளைச்சலைச் சொந்தக் கடையில் விற்றதைக் குறை சொல்ல முடியாது. அதன்பின் ஸ்டீம் அடைந்த இடம் பெரும்பாலும் சேவையால் வந்தது. பயனர் மதிப்புரை, ஆர்வலர்களின் ஆக்கங்களைப் பகிரும் வொர்க்ஷாப், விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் எனக் கடைக்குள் அது கட்டியவை விளையாட்டின் பயனையே கூட்டின. ஸ்டீமில் விளையாட்டைத் திறக்கும் குறியீடுகளைப் படைப்பாளர் பிற கடைகளில் விற்கலாம். அந்த விற்பனையில் வால்வ் பங்கு கேட்பதில்லை. 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேர் ஸ்டீமில் இருந்தார்கள். விளம்பரத்தால் மட்டும் எட்டும் எண் அல்ல இது.

குறைகளும் அதே அளவுக்குத் தெளிவானவை. விற்பனையில் கடை எடுக்கும் முப்பது விழுக்காடு பங்கு பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2018 நவம்பர் இறுதியில் அது அசைந்தபோது பலன் யாருக்குப் போனது என்று பாருங்கள்: 1 கோடி டாலர் விற்பனையைத் தாண்டினால் 25, 5 கோடியைத் தாண்டினால் 20. பெரியவருக்குத் தள்ளுபடி, சிறியவருக்குப் பழைய விகிதம். இந்த ஏணியைக் கலைக்கு நீதியான முறை என்று ஏற்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியதைத் திருப்பித் தரும் வசதி 2015இல் வந்தது. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் பணம் திருப்பும் உரிமைக்காக வழக்குத் தொடுத்தது அதற்கு முந்தைய ஆண்டு. பிற கடைகளில் விலையைக் குறைக்க விடாமல் படைப்பாளரைக் கட்டுப்படுத்துகிறது என்று வுல்ஃபயர் கேம்ஸ் 2021இல் தொடுத்த வழக்கு, 2024 நவம்பரில் படைப்பாளர் தரப்பு முழுவதற்குமான வழக்காக ஏற்கப்பட்டது. அது தீர்ப்பாகும்வரை குற்றச்சாட்டே. ஆனால் உண்மையானால், மற்றவர் எத்தனை குறைந்த பங்கு வாங்கினாலும் அந்த லாபம் வாங்குபவரின் பைக்குப் போய்ச் சேராது. சேவையால் வென்ற கடைக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை; வைத்திருந்தால் தன் சாதனையைத் தானே ஐயப்படுகிறது என்று பொருள்.

அடுத்து எபிக். 2018 டிசம்பரில் 12 விழுக்காட்டுப் பங்குடன் அது வந்தது. இந்தத் துறைக்கு எபிக் செய்த முதல் நன்மை அந்த எண்தான். மைக்ரோசாஃப்டும் 2021இல் கணினி விளையாட்டுகளுக்கு 12க்கு இறங்கியது. 2025 ஜூனில் எபிக், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வருமானத்தில் பங்கே கேட்பதில்லை என்றது. ஸ்டீமின் ஏணி மேலிருப்பவருக்குச் சலுகை தந்தது. இது கீழிருப்பவருக்குத் தருகிறது. கொள்கை அளவில் எபிக்கின் விகிதமே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் விகிதத்தை நம்பி எபிக் நிற்கவில்லை, வழியை அடைத்தது. அதன் ஒப்பந்தங்களை ஒரே பெயரில் அழைப்பதுதான் விவாதத்தைக் குழப்புகிறது. ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ களத்தில் குவிந்த சரக்கு. அமெரிக்காவில் அதன் விலை 60லிருந்து 50 டாலராகக் குறைந்ததை நேர்மையாகக் குறிக்க வேண்டும். ஆனால் குறைந்த பங்கு குறைந்த விலையாக மாறிய இந்த நிகழ்வு பொதுவிதியாகவில்லை. ‘ஃபீனிக்ஸ் பாயின்ட்’ இன்னும் கடுமையான வழக்கு. விதைப் பணமே ஆடுகிறவர்கள் கூட்டாகப் போட்டது. ஸ்டீமிலோ ஜிஓஜி என்ற கடையிலோ தருவதாகச் சொல்லி வாங்கியது. 2019 மார்ச்சில் அது ஓராண்டுக்கு எபிக்கின் தனிச்சரக்கானது. ‘ஷென்மு 3’ இதே வழியில் போனபோது, பணத்தைத் திருப்பிக் கேட்போருக்கான செலவை எபிக் ஏற்றது. பரிகாரம் முறையானது, ஆனால் பரிகாரம் தேவைப்பட்டதே தவற்றுக்குச் சாட்சி.

எதிர்ப்பக்கத்தில் ‘ஆலன் வேக் 2’ நிற்கிறது. உருவாக்கச் செலவை எபிக் ஏற்பது, அது மீண்டபின் லாபத்தைப் பாதிப் பாதி பிரிப்பது, படைப்புரிமையைப் படைப்பாளரிடமே விடுவது என்பவை எபிக் தன் பதிப்புப் பிரிவுக்கு 2020இல் அறிவித்த விதிகள். பின்லாந்தின் ரெமடி நிறுவனம் அந்த ஏற்பாட்டில் இந்த விளையாட்டை உருவாக்கி 2023 அக்டோபரில் வெளியிட்டது. கணினியில் இன்றுவரை எபிக்கில்தான் கிடைக்கிறது. செலவு மீண்டு ரெமடிக்குப் பங்குத்தொகையும் வரத் தொடங்கிவிட்டது. ஸ்டீமில் கிடைக்கவில்லையே என்று குறைப்படுகிறவர் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: அந்தப் பணம் இல்லாமல் எந்தக் கடையில் கிடைத்திருக்கும்? இது விதைப்புக்குத் தந்த முன்பணம். எபிக்கின் தனியுரிமைகளில் முழுமதிப்பெண் பெறுவது இதுவே.

வழிமறிப்பு முறை அதன் சொந்த நோக்கத்தையாவது எட்டியதா? 2021இல் ஆப்பிளுடன் நடந்த வழக்கில் வெளிவந்த ஆவணங்கள் பதில் சொல்கின்றன. முதல் ஒன்பது மாதம் இலவசமாகக் கொடுத்த விளையாட்டுகளுக்கு எபிக் சுமார் 1.16 கோடி டாலர் செலவிட்டது. சுமார் 50 லட்சம் புதிய கணக்குகள் வந்தன. ஆளைச் சேர்க்கும் செலவாகப் பார்த்தால் இது மலிவு. ஆனால் 2019இல் கடையின் நட்டம் 18 கோடி டாலரைத் தாண்டியது. 2020க்கு மட்டும் படைப்பாளர்களுக்கு உறுதியளித்த குறைந்தபட்ச விற்பனைத் தொகை 44 கோடியை எட்டியது. பலன்? எபிக்கே வெளியிட்ட கணக்கின்படி, பிற நிறுவனங்களின் விளையாட்டுகளில் மக்கள் செலவிட்டது 2022இல் 35.5 கோடி டாலர், 2023இல் 31 கோடி, 2024இல் 25.5 கோடி. அந்த 2024இல் கடைக்கு 29.5 கோடி கணினிக் கணக்குகள் இருந்தன. குடைக்காக ஏறியவர்கள் அடுத்த பயணத்துக்குச் சீட்டு வாங்கவில்லை. எபிக் கடையில் சாமான்களைச் சேர்த்து ஒன்றாக வாங்கும் கூடை வசதியே 2021 டிசம்பரில்தான் வந்தது. பணத்தை வழியை அடைப்பதற்குக் கொட்டி, கடையைக் கட்டுவதில் சுணங்கியது முறைப்பிழை.

மற்றவர்களின் வரலாறும் இதையே உறுதி செய்கிறது. சொந்தக் கடை திறந்து வெளியேறிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2019இல் ஸ்டீமுக்குத் திரும்பியது. எபிக்குடன் சேர்ந்து வெளியேறிய யூபிசாஃப்ட் 2022 இறுதியில் திரும்பியது. ஜிஓஜி மட்டும் வேறு தடத்தில் நிற்கிறது. 2008 முதல் பூட்டு இல்லாத கோப்பாக விற்கிறது. வாங்கியவர் நிறுவிக் கோப்பைத் தன் வட்டில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டீமில் வாங்குவது உரிமம் மட்டுமே என்பதை 2024இல் பணம் கட்டும் பக்கமே சொல்லத் தொடங்கியது. சுதேசிக் கம்பெனி வாடகைக் கப்பலில் கற்ற பாடம் இதுதான்: உடைமை நம்மிடம் இல்லையென்றால், இன்னொருவரின் ஒப்பந்தம் முறியும் நாளில் நம் பயணமும் முறியும். சிறிய கடையாக இருந்தும் கொள்கை ஒருங்கிசைவில் ஜிஓஜி முதலிடம் பெறுகிறது.

நம் பக்கத்து நிலை என்ன? ஸ்டீம் 2015இல் ரூபாயில் விலை வைத்தது. கோவில்பட்டியில் இருந்து வாங்கும் மாணவருக்கு அது பெரிய வித்தியாசம். ஆனால் ஏறத்தாழ 30 மொழிகளில் இயங்கும் ஸ்டீமின் முகப்பில் தமிழ் இல்லை, எபிக்கிலும் இல்லை. டொரொண்டோவின் விசை கேம்ஸ், கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து உருவாக்கிய ‘வெண்பா’ 2023 ஜூலை 31இல் ஸ்டீமிலும் விளையாட்டுக் கருவிகளிலும் ஒரே நாளில் வந்தது. மறு ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. இத்தகைய சிறு படைப்புக்கு வேண்டியவை குறைந்த பங்கும், திறந்த வழிகளும், தொடக்கத்தில் முன்பணமும். முதலாவதில் எபிக் முந்துகிறது, இரண்டாவதில் ஸ்டீம் முந்துகிறது, மூன்றாவது இன்றும் அரிது.

என் தீர்ப்பு இது. கடையாக ஸ்டீமே உயர்ந்த சாதனை. ஆனால் அதன் பங்கு விகிதம் சிறு படைப்பாளருக்கு அநீதி. விகிதத்தில் எபிக் சரி. ஆனால் முடிந்த படைப்பை விலைக்கு வாங்கி வழியை அடைத்த அதன் முறை தவறு, பயனும் தரவில்லை. படைப்பையே உண்டாக்கும் தனியுரிமை ஏற்கத்தக்கது. உண்டானதை இடம் மாற்றும் தனியுரிமை, எவ்வளவு உயர்ந்த நோக்கம் சொன்னாலும், ஏற்கத்தக்கதல்ல. அடுத்த முறை ஒரு விளையாட்டு ஒரே கடைக்கு என்று அறிவிப்பு வரும்போது, விதைக்குப் பணம் போட்டது யார் என்று கேளுங்கள். பதிலைப் பார்த்து வாங்குங்கள், அல்லது ஓராண்டு பொறுங்கள்.