கொட்டிய எழுத்துகள் குறளாகுமா?

உயிரின் தோற்றம் பற்றிப் பேசுமிடத்து, நம் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நெடுநாளாக வழங்கிவரும் உவமை ஒன்று உண்டு. அச்சுக்கூடத்து ஈய எழுத்துகளைக் கூடையிலிட்டுக் குலுக்கிக் கொட்டினால் ஒரு குறட்பா அமையுமா என்று கேட்பர். அமையாதென அவையோர் தலையசைப்பர். அவ்வாறே அணுக்கள் தற்செயலாகக் கூடி உயிராதலும் இயலாது என்று பேச்சை முடிப்பர். மறுபக்கத்தாரோ, கோடானுகோடி ஆண்டுகள் கொட்டிக்கொண்டேயிருந்தால் ஒருநாள் அமையும் என்பர். முடிவில் மாறுபடும் இருவரும் உவமையை மட்டும் ஒருங்கே ஏற்றுக்கொள்கின்றனர். அவ்வுவமையே பொருந்தாது என்பது என் துணிபு.

உவமைக்கும் பொருளுக்கும் பொதுத்தன்மை வேண்டுமென்று மாணவர்க்குக் கற்பிப்பவர்கள் நாம். ஈய எழுத்து எதுவும் பக்கத்து எழுத்தை ஈர்ப்பதில்லை, விலக்குவதும் இல்லை. சிராங்கூன் சாலைப் பூக்கடையில் குவிந்திருக்கும் மல்லிகையும் தானே மாலையாவதில்லை; தொடுக்கும் கை வேண்டும். மூலக்கூறுகளோ அத்தகையன அல்ல. சவர்க்கார மூலக்கூறின் தலை நீரை நாடும். வால் நீரை ஒதுக்கும். நீரில் பல சேர்ந்தவுடன் வால்கள் உள்ளே ஒடுங்க, தலைகள் வெளியே நிற்க, சிறு உருண்டைகள் தாமே அமைகின்றன. 1969ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரருகே ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் வெளியிட்ட குழுவில், இலங்கையிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்ற சிரில் பொன்னம்பெருமா இருந்தார். அக்கல்லிலிருந்து பிரித்த பொருள்கள் நீரில் நுண்ணிய பைகளாக அமைவதை 1985இல் டேவிட் டீமர் காட்டினார். அப்பைகளைத் தைத்தவர் எவருமில்லை.

இலக்கணம் கற்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. தமிழில் எந்த மெய்யும் எந்த மெய்யோடும் கூடிவிடாது. ‘ங்’ என்பதன்பின் ககரம் வரும், டகரம் வாராது. மெய்ம்மயக்கம் என்று நாம் நடத்தும் பாடம் இதுவே. புரதச் சங்கிலிக்கும் இத்தகைய வரம்பு உண்டென நிறுவியவர் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம், சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரு திருப்பக் கோணங்களை அளந்து காட்டுகிறது. எண்ணிப் பார்க்கக்கூடிய திருப்பங்களுள் பெரும்பாலானவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும். ஆதலின் அவை விலக்கப்பட்டவை. எஞ்சிய சிலவே இயல்வன.

குலுக்கிப் பார்க்கும் சோதனையும் செய்தாகிவிட்டது. ரிபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தில் 124 அமினோ அமிலங்கள் உண்டு. அதிலுள்ள எட்டுக் கந்தக முனைகள் இரண்டிரண்டாக இணைய 105 வழிகள் உள. செயற்படும் புரதத்திற்கு உரியது ஒன்றே. அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்டியன் அன்ஃபின்சன் அச்சங்கிலியை யூரியாக் கரைசலில் விரித்து, அக்கரைசலிலேயே முனைகளை இணையவிட்டார். ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு செயலே மீண்டது. அதுவே குருட்டு வாய்ப்பின் பயன். யூரியாவை நீக்கி, தவறான இணைப்புகள் அவிழ்ந்து மீண்டும் இணைய வகை செய்தபோதோ, சங்கிலி தன் பழைய மடிப்பையும் முழுச் செயலையும் பெற்றது. இவ்வாராய்ச்சிக்காக 1972இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

‘மடிப்பு வரிசையைப் பொறுத்தது எனின், அந்த 124 பேரையும் அவ்வரிசையில் நிறுத்தியது எது?’ என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. அதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை. ஆயினும் தொடக்கத்திலேயே அத்துணை நீண்ட சங்கிலி வேண்டியதில்லை என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சான்று உண்டு. புவன விஸ்தா வட்டாரத்துப் பயோபொலிஸ் வளாகத்தில் அந்நாளில் இயங்கிய உயிர்ப்பொறியியல், நானோ தொழில்நுட்பக் கழகத்தில் சார்லட் ஹவுசரும் உடன் ஆய்ந்தோரும் கண்டதை 2011இல் வெளியிட்டனர். மூன்று முதல் ஆறு அமினோ அமிலங்களே கொண்ட குறுஞ்சங்கிலிகள் நீரில் தாமே இழைகளாகத் திரண்டன. அங்கும் நீரை ஒதுக்கும் வால், நீரை நாடும் தலை என்னும் அதே அமைப்புத்தான்.

இதனால் உயிரின் புதிர் அவிழ்ந்துவிட்டது என ஆர்ப்பரித்தலும் தகாது. அக்குறுஞ்சங்கிலிகளை ஆக்கியவர்கள் ஆய்வுக்கூடத்தார். இழையாகத் திரள்வது வேறு. தன்னைப் போல் பிறிதொன்றை ஈனுவது வேறு. முன்னதை அறிந்தோம், பின்னதற்கு வழி தேடுகிறோம். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதே நேர்மை.

‘தற்செயல்’ என்னும் சொல்லை நோக்குக. தன் + செயல் என்று பிரியும் அது, வழக்கில் காரணமற்ற நிகழ்ச்சியைக் குறிக்கிறது. மூலக்கூறுகள் கூடுவதும் மடிவதும் காரணமற்ற நிகழ்ச்சிகள் அல்ல. அவை தம் இயல்பாற் செய்யும் செயல்கள். இதனைத் ‘தன்னமைவு’ என்று சொல்லிக் கற்பித்தால் குழப்பம் நீங்கும்.

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். கூடை எழுத்து உவமையைக் கேட்ட சிறுவன் ‘ஆகும்’ அல்லது ‘ஆகாது’ என ஒரு கட்சியிற் சேர்ந்துவிடுகிறான். அத்துடன் அவன் வினா நின்றுவிடுகிறது. ஒரு கிண்ண நீரும் சில துளி எண்ணெயும் தந்து ‘ஏன் திரண்டது?’ என்று கேட்டால் வினா தொடங்குகிறது. ஆசிரியர்களே, கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுங்கள்.