காற்றை எங்கே சுமப்பது? பெயின்ட்பாலில் ரிமோட் லைனும் மார்க்கரில் பூட்டிய டேங்கும்

பெயின்ட்பால் ஆடப் பழகியவர்கள் வாடகை மார்க்கரை (வண்ண உருண்டையைச் சுடும் கருவியை) விட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கும்போது ஒரு கேள்வி எழும். காற்று டேங்கை மார்க்கரின் அடியிலேயே பூட்டிக்கொள்வதா, அல்லது முதுகிலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டு ஒரு குழாய் வழியாகக் காற்றை மார்க்கருக்குக் கொண்டுவருவதா? பின்னதற்கு ரிமோட் லைன் என்று பெயர். பலர் கடையில் டேங்க் இல்லாத மார்க்கரைத் தூக்கிப் பார்த்த அந்த நிமிடத்திலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். கை இலேசாக இருக்கிறது, ஆகவே ரிமோட்தான் நல்லது என்பது அவர்கள் வாதம். கனத்தை மட்டும் பார்த்து இந்தக் கேள்வியைத் தீர்ப்பது சரியல்ல என்பதே என் கருத்து. எந்த வாயுவை நிரப்புகிறோம், எந்த வகை ஆட்டம் ஆடுகிறோம், ஆடும்போது உடல் எப்படி அசைகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

குழாய் வந்த வரலாறு

பெயின்ட்பாலின் முதல் ஆட்டம் 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹெனிக்கர் என்ற ஊரில் நடந்தது. பன்னிரண்டு பேர் ஆடினார்கள். அவர்கள் கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007. காட்டு மரங்களிலும் கால்நடைகளிலும் அடையாள வண்ணம் இடுவதற்காக உருவான கருவி அது. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சின்னக் குப்பி ஒன்று அதற்குள்ளேயே இருந்து சுடும் விசையைத் தந்தது. வாயுவை எங்கே சுமப்பது என்ற கேள்வியே அன்று எழவில்லை.

1980-களில், மீண்டும் மீண்டும் நிரப்பக்கூடிய பெரிய சிலிண்டர்கள் வந்தன. 1990-களில் தானியங்கி மார்க்கர்கள் பரவியபோது வாயுத் தேவை பலமடங்கு உயர்ந்தது. கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக அழுத்தமேற்றிய காற்றும் நைட்ரஜனும் வரத் தொடங்கின. அவற்றுக்கான தொடக்ககால டேங்குகள் பெரியவை, கனமானவை. அவற்றை மார்க்கரில் தொங்கவிட்டு ஓடுவது எளிதாக இல்லை. முதுகுப்பையில் டேங்க், தோளோரமாக வரும் குழாய் என்ற ஏற்பாடு அந்த நெருக்கடிக்குக் கிடைத்த நல்ல தீர்வு.

பிறகு கார்பன் ஃபைபர் டேங்குகள் வந்தன. 68 கன அங்குலக் கொள்ளளவும் 4500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தமும் கொண்ட டேங்க் ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய எடைக்குள் அடங்கிவிட்டது. போட்டி ஆட்டக்காரர்கள் டேங்கை மீண்டும் மார்க்கரிலேயே பூட்டிக்கொண்டார்கள். குழாயைக் கொண்டுவந்த முதல் காரணம் பெருமளவு நீங்கிவிட்டது. ஆகவே இன்று ரிமோட் லைனை நாடுகிறவர் அதற்கு வேறு காரணம் வைத்திருக்க வேண்டும்.

கனத்தின் கணக்கு

கனம் பற்றிய வாதத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டிப்மன் 98 போன்ற தொடக்கநிலை மார்க்கர் ஏறத்தாழ 1.3 கிலோ. .68 அங்குல வண்ண உருண்டை ஒன்று சுமார் 3 கிராம். ஆகவே மார்க்கருக்கு உருண்டை ஊட்டும் கலனான ஹாப்பரில் 200 உருண்டைகள் நிரப்பினால் 600 கிராம் சேரும். 48 கன அங்குலம், 3000 பிஎஸ்ஐ அலுமினிய டேங்க் கிட்டத்தட்ட மார்க்கரின் எடையே இருக்கும். மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டேங்கினுடையது. அதை முதுகுக்கு மாற்றினால் கை இலேசாகும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் சுமை எவ்வளவு என்பதோடு அது எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். மார்க்கரில் பூட்டிய டேங்க் கைப்பிடிக்குப் பின்னால் நீண்டு தோளில் முட்டுகிறது. அதுவே துப்பாக்கிக் கட்டையின் வேலையையும் செய்கிறது. முன்னே இழுக்கும் பேரலுக்கு அது எதிர்ச்சுமை. எடையின் ஒரு பகுதியைத் தோள் வாங்கிக்கொள்கிறது. அந்த டேங்கைக் கழற்றிவிட்டால் தோளில் ஊன்ற எதுவும் இல்லை. மிஞ்சிய எடை முழுவதையும் கைகள் மட்டுமே தாங்க வேண்டும், மார்க்கரின் முன்பக்கமும் தாழும். தனியாக ஒரு கட்டை பொருத்தினால் இது சரியாகும். அப்போது மிச்சப்படுத்திய எடையில் ஒரு பகுதி திரும்ப வந்துவிடும். குழாய், இணைப்பு முனைகள், டேங்கைத் தாங்கும் பை ஆகியவற்றைச் சேர்த்தால் உடல் சுமக்கும் மொத்த எடை முன்பைவிடக் கூடத்தான் செய்யும்.

அதே சமயம், முதுகு சுமப்பதும் கை சுமப்பதும் ஒன்றல்ல. நாள் முழுதும் நடக்கும் ஆட்டத்தில் கை சோர்ந்தால் குறி தவறும். முதுகு அவ்வளவு விரைவில் சோர்வதில்லை. தோள்பட்டையில் காயம் பட்டவர்களுக்கும், மெலிந்த உடல்வாகுள்ள இளையோருக்கும் இந்த மாற்றம் பெரிய உதவி. இந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. சின்ன மைதானத்தில் சில நிமிடங்களில் முடியும் ஆட்டத்துக்கு மட்டும் இது அதிகம் பயன்படுவதில்லை.

வாயுவே முதல் கேள்வி

கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் வாயுவைப் பற்றிக் கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. அதற்கு மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம்தான் உருண்டையைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். 21 டிகிரி செல்சியஸில் சுமார் 850 பிஎஸ்ஐ இருக்கும் அழுத்தம், 0 டிகிரியில் 500 பிஎஸ்ஐ அளவுக்குச் சரிந்துவிடும். வேகமாகச் சுடச்சுடத் திரவம் கொதித்து ஆவியாகி, சிலிண்டரே குளிர்ந்து, அழுத்தம் மேலும் இறங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மார்க்கரில் கிடைமட்டமாகப் பூட்டிய சிலிண்டரில், பேரலைக் கீழே சாய்த்தால் திரவம் வால்வை நோக்கி ஓடும். ஆவி போக வேண்டிய இடத்துக்குத் திரவம் போனால் ஒரு சுடுதல் பலவீனமாகவும் அடுத்தது மிகை வேகத்திலும் வரும். கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்குகள் உறைந்து விரிசல் விடும். மின்னணு மார்க்கர்களின் நுண்ணிய வால்வுகள் கெடும். பல மைதானங்கள் உருண்டையின் வேகத்தை நொடிக்கு 280 அடி முதல் 300 அடிக்குள் கட்டுப்படுத்துகின்றன. அளவுக்கு மீறிய ஒரு சுடுதல் அந்த விதியை மீறும், எதிரில் நிற்பவரையும் காயப்படுத்தும்.

ரிமோட் லைன் இங்கே உண்மையிலேயே உதவுகிறது. சிலிண்டர் முதுகில் வால்வு மேலாக நிமிர்ந்து நின்றால் திரவம் அடியிலேயே தங்கும். தப்பி வரும் கொஞ்சத் திரவமும் குழாயின் நீளத்தில் ஆவியாக வாய்ப்புண்டு. ஆனால் சிலிண்டர் நிமிர்ந்து நின்றால்தான் இந்தப் பலன். டேங்கைப் படுக்கை வாக்கில் வைக்கும் பைகளும் விற்கின்றன. அப்படி ஒரு பையில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைச் செருகுகிறவர் குழாய்க்குச் செலவழித்தும் அதன் முதன்மையான நன்மையை இழக்கிறார். திரவத்தைத் தடுக்கச் சிலிண்டருக்குள்ளேயே வளைந்த சிறு குழாய் ஒன்றைப் பொருத்தும் வழியும் உண்டு. அது அந்தக் குறிப்பிட்ட மார்க்கரில் பூட்டும்போது மேல்நோக்கி நிற்குமாறு திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

அழுத்தக் காற்றில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது எப்போதும் வாயுவாகவே இருக்கிறது. டேங்கின் ரெகுலேட்டர் 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ அழுத்தத்தை 800 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துச் சீராக அனுப்புகிறது. டேங்க் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கவலையில்லை. ஆக, அழுத்தக் காற்றுக்கு மாறியவருக்கு ரிமோட் லைனின் வலுவான தொழில்நுட்பக் காரணம் ஒன்று கைவிட்டுப் போகிறது. குறுகிய குழாயும் இணைப்பு முனையும் வேகமாகச் சுடும்போது காற்றோட்டத்துக்குச் சிறு தடையாகவும் ஆகலாம். கார்பன் டை ஆக்சைடையே நம்பியிருக்கிறவர், அதிலும் குளிர்நாட்டில் ஆடுகிறவர், ரிமோட் லைனைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடலின் அசைவு

காற்று நிரப்பிய தடுப்புகளுக்கிடையே ஆடும் ஸ்பீட்பாலில் ஆட்டக்காரர் ஓடுகிறார், சறுக்கி விழுகிறார், தடுப்பின் இடப்புறம் எட்டிப் பார்க்கும்போது மார்க்கரை இடக்கைக்கு மாற்றுகிறார். இந்தக் கைமாற்றம்தான் குழாய்க்கு வரும் பெரிய சோதனை. வலப்பக்கமாக வரும் குழாய் மார்பின் குறுக்கே இழுபடும், முழங்கையில் சிக்கும். முதுகில் டேங்கோடு மண்ணில் சறுக்கினால் அடி முதுகெலும்புக்கு. போட்டிக் களங்களில் ரிமோட் லைனை அபூர்வமாகவே காண முடிகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

காடுகளிலும், பல மணி நேரம் நீளும் சினாரியோ ஆட்டங்களிலும் நிலைமை வேறு. பென்சில்வேனியாவின் ஜிம் தார்ப் பகுதியில் நடக்கும் நார்மண்டி ஆட்டமும், ஒக்லஹோமாவில் 1997-இல் தொடங்கிய டி-டே ஆட்டமும் இந்த வகை. அங்கே அதிக நேரம் நடக்கவும், பதுங்கவும், காத்திருக்கவும் வேண்டியிருக்கும். கைமாற்றம் குறைவு. டேங்க் இல்லாத மார்க்கர் குட்டையாக, தாழ்வாக இருப்பதால் மண்ணோடு படுத்துச் சுடுவது எளிது. உண்மையான துப்பாக்கியின் தோற்றத்தை விரும்பி, ஹாப்பருக்குப் பதில் மேகசின் பூட்டி ஆடும் மேக்ஃபெட் ஆட்டக்காரர்களுக்கு மார்க்கரின் வடிவமே ஆட்டத்தின் ஒரு பகுதி. அவர்களுக்கு ரிமோட் லைன் இயல்பான தேர்வு.

அங்கும் குறைகள் உண்டு. குழாய் முள்ளிலும் கிளையிலும் மாட்டும். முதுகில் இருக்கும் டேங்கின் அழுத்தமானியை ஆட்டக்காரர் பார்க்க முடியாது. எவ்வளவு காற்று மிச்சம் என்று தெரியாமலே ஆட வேண்டியிருக்கும். மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு நாலடி நடக்கவும் முடியாது. மேக்ஃபெட் ஆட்டக்காரர்களில் பலர் இதற்கு நடுவழி ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். 13 கன அங்குலச் சிறு டேங்கைக் கட்டைக்குள்ளேயே பொருத்திக்கொள்கிறார்கள். ஒரு கன அங்குலத்துக்கு 3000 பிஎஸ்ஐயில் பத்துச் சுடுதல் என்பது ஆட்டக்காரர்களின் தோராயக் கணக்கு. அதன்படி இந்தச் சிறு டேங்க் நூற்று முப்பது சுடுதலுக்கு வரும், 48 கன அங்குல டேங்க் ஐந்நூறை நெருங்கும். மேகசினில் குறைவாகவே உருண்டைகள் கொண்டுபோகிறவருக்குச் சிறு டேங்கே போதும்.

பாதுகாப்பு

இரண்டு ஏற்பாடுகளிலும் ஆபத்து இருக்கிறது, அதை அறிந்து கையாள வேண்டும். மார்க்கரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைத் திருகிக் கழற்றும்போது, மார்க்கரிலிருந்து வால்வு கழல்வதற்குப் பதில் வால்விலிருந்து சிலிண்டர் கழன்று ராக்கெட்டாகப் பாய்ந்து, அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கின்றன. வால்வும் சிலிண்டரும் சேரும் இடத்தில் வண்ணத்தால் ஒரு கோடு இடுவது எளிய தற்காப்பு. திருகும்போது அந்தக் கோடு பிரிந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ரிமோட் லைனிலும் டேங்கைக் குழாயின் முனையில் திருகித்தான் பூட்டுகிறோம். ஆகவே இந்த எச்சரிக்கை அங்கும் பொருந்தும்.

ரிமோட் லைனில் தனியாகக் கவனிக்க வேண்டியது விரைவு இணைப்பு முனை. காற்றை அடைக்கும் வால்வு குழாயின் பக்கம் இருக்க வேண்டும், மார்க்கரின் பக்கத்து முனை திறந்திருக்க வேண்டும். அப்போது குழாயைக் கழற்றியதும் மார்க்கரில் எஞ்சிய காற்று வெளியேறும். இதை மாற்றிப் பொருத்தினால் கழற்றிய மார்க்கரும் சுடும் நிலையிலேயே இருக்கும். சரியாகப் பொருத்தப்பட்ட ரிமோட் லைன், திருகாமல் ஒரே அசைவில் மார்க்கரைக் காற்றிலிருந்து பிரித்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் அது பூட்டிய டேங்கைவிட மேலானது.

தீர்ப்பு

புதிதாக வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு மார்க்கரில் பூட்டிய அழுத்தக் காற்று டேங்கே ஏற்றது. பாகங்கள் குறைவு, கசியும் இடங்கள் குறைவு, அழுத்தமானி கண்ணெதிரே இருக்கிறது, எந்தக் கைக்கும் மாறலாம். கை கனக்கிறது என்றால், குழாய் வாங்குவதற்கு முன் இன்னும் சிறிய அல்லது இலேசான டேங்கைப் பூட்டிப் பார்ப்பது நல்லது. கார்பன் டை ஆக்சைடில் ஆடுகிறவர்கள், நீண்ட காட்டு ஆட்டங்களை விரும்புகிறவர்கள், மார்க்கரின் வடிவத்துக்கு மதிப்புத் தருகிறவர்கள், தோள் நோவுள்ளவர்கள் ஆகிய நால்வகையினருக்கும் ரிமோட் லைன் நல்ல துணை. அவர்களும் குழாயை மட்டும் வாங்கி நிறுத்திக்கொள்ளக் கூடாது. அடைப்பு வால்வு, சரியான இணைப்பு முனை, டேங்கை நிமிர்த்திப் பிடிக்கும் பை, தோளுக்கான கட்டை எல்லாம் சேர்ந்ததே முழுமையான ரிமோட் லைன்.

வாங்குவதற்கு முன் நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்று, ஒரு முழுநாள் ஆட்டத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பாருங்கள். மாலையில் கடைசி ஆட்டம் முடியும்போது எது உங்களுக்கு இடைஞ்சலாக இல்லையோ அதையே வாங்குங்கள்.