இல்லாத காலின் வலியும் வானொலிக் குரலும்

2003ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் பீபீசீ வானொலி ரீத் சொற்பொழிவுகளை ஒலிபரப்பியபோது, லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இன்னும் மூன்று பேரோடு நாம் குடியிருந்தோம். அந்த ஆண்டின் சொற்பொழிவாளர் வி. எஸ். இராமச்சந்திரன். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மூளையை ஆராய்ந்து வந்தவர். ‘தோன்றிவரும் மனம்’ என்று தமிழில் சொல்லக்கூடிய தலைப்பில் ஐந்து உரைகள். தமிழர் ஒருவர் பேசுகிறார் என்பதே முதலில் எம்மைச் சமையலறை வானொலிக்கு முன்னால் இருத்தியது. இரண்டாவது காரணம், எம்முடன் இருந்த நண்பர். வன்னியில் எறிகணை வீச்சில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இல்லாத அந்தப் பாதத்தின் விரல்கள் மடங்கி இறுகுவதாக இரவுகளில் சொல்வார். முதலாவது உரையிலேயே அந்த வலி பேசப்பட்டது.

இருபது வருடங்களுக்கு மேல் கழிந்தபின் அவ்வுரைகளை அண்மையில் மீண்டும் கேட்டோம். அன்று எமக்கிருந்த வியப்பில் ஒரு பகுதி இன்றும் குறையவில்லை. மற்றப் பகுதிக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ரீத் சொற்பொழிவுகள் 1948இல் பேர்ட்ரண்ட் ரசலுடன் தொடங்கியவை. மூளை அங்கு வந்தது 2003இல்தான் என்று எண்ணிவிடக்கூடாது. 1950இலேயே ஜே. இசட். யங் என்ற உயிரியலாளர் அது பற்றிப் பேசினார். கணவாயின் உடலில் உள்ள மிகத் தடித்த நரம்பிழையை ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அந்த இழையில் செய்த ஆய்வுகளுக்காகவே ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963இல் நோபல் பரிசு பெற்றனர். 1976இல் கொலின் பிளேக்மோர், தமது 32ஆவது வயதில், அதே மேடையில் மனத்தின் இயக்கம் பற்றிப் பேசினார். ஆக, கால் நூற்றாண்டுக்கு ஒரு தடவை என்ற கணக்கில், படமோ வரைபடமோ காட்ட முடியாத ஓர் ஊடகத்தில், மூளையைக் காதுக்குள் கொண்டுசெல்லும் முயற்சி நடந்திருக்கிறது.

இது இலேசான காரியமன்று. புத்தகத்தில் படம் போடலாம், வகுப்பறையில் மாதிரியைப் பிளந்து காட்டலாம். வானொலியில் உள்ளது குரல் மட்டுமே. கேட்பவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார், விளங்காத இடத்தில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும் அவரால் முடியாது. இராமச்சந்திரன் இதற்குக் கண்ட வழி, மூளையின் பாகத்தில் தொடங்காமல் ஒரு மனிதரில் தொடங்குவது. கையை இழந்த ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொடுகிறார். அந்த மனிதரோ இல்லாத கையின் பெருவிரலைத் தொடுவதாகச் சொல்கிறார். ஏன் என்ற கேள்வி எம்முள் எழுந்த பிறகுதான் பென்பீல்டின் வரைபடம் வருகிறது. கனடாவின் மொன்றியலில் விழித்திருக்கும் நோயாளரின் மூளையை மின்னால் தூண்டி, உடலின் எப்பகுதி மூளையில் எங்கே பதிவாகியுள்ளது என்று குறித்தவர் பென்பீல்ட். அவ்வரைபடத்தில் கைக்கு அயல்வீடு முகம். கையிலிருந்து செய்தி வராது போனதும் முகத்தின் செய்தி வெறுமையான வளவுக்குள் குடிபுகுந்துவிட்டது என்பது இராமச்சந்திரனின் விளக்கம். படம் எதுவும் இல்லாமலே எமக்கு அந்த வரைபடம் தெரிந்தது.

இன்னொரு கதை எம் எல்லோரையும் மௌனமாக்கியது. தலையில் அடிபட்ட ஒருவர் தம் தாயைப் பார்த்து, ‘இவள் அம்மா மாதிரி இருக்கிறாள், ஆனால் அம்மா இல்லை’ என்கிறார். அதே தாய் அடுத்த அறையிலிருந்து தொலைபேசியில் பேசினால் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார். முகத்தை அறியும் பகுதிக்கும் உணர்ச்சிக்குரிய பகுதிக்கும் இடையிலான பாதை அறுந்திருக்கலாம், குரல் போகும் பாதையோ வேறு என்பது விளக்கம். தாயைத் தொலைபேசிக் குரலாக மட்டுமே வருடக்கணக்கில் வைத்திருந்த நாம் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. விஞ்ஞானம் ஒரு சாதாரணக் கேட்போனின் வாழ்வைத் தொடுவது இப்படித்தான். இந்தத் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் மூன்றாவது உரையில் எமக்குச் சங்கடம் தொடங்கியது. கலையின் பொது விதிகளை மூளையிலிருந்து வருவிக்கிறார் இராமச்சந்திரன். சொண்டில் சிவப்புப் புள்ளி கொண்ட கடற்பறவையின் குஞ்சு, தாயின் சொண்டைவிட மூன்று சிவப்புக் கோடுகள் போட்ட குச்சியை ஆவலோடு கொத்துகிறது. இது ரின்பேர்கன் மரபில் வந்த பறவை ஆய்வு. அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் சோழர்காலப் பார்வதியின் வெண்கலத் திருமேனிக்கு வருகிறார். இடையும் இடுப்பும் மிகைப்படுத்தப்பட்டது, குச்சியின் மூன்று கோடுகளைப் போலப் பெண்மையின் சாரத்தைக் கூட்டிக்காட்டவே என்கிறார். விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் முகச்சுளிப்புக்கு அவர் கொடுத்த பதிலில் எமக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் கோயிலில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. அந்த அம்மன் வீதியுலா வருகையில் பட்டும் மாலையும் சாத்தப்பட்டிருப்பாள். அடியார் காண்பது பெரும்பாலும் முகமும் கையுமே. எந்த வளைவைக்கொண்டு அவர் தம் விதியை நிறுவுகிறாரோ அந்த வளைவு திருவிழாவில் பட்டுக்குள் மறைந்திருக்கிறது. அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் நிற்கும் சிலைக்குப் பொருந்தும் விதியைக் கலை முழுவதற்கும் விதி என்று சொல்ல, ஒரு குஞ்சும் ஒரு குச்சியும் போதுமா?

‘ஆடி நரம்பணுக்கள்’ பற்றிய பகுதியும் இத்தகையதே. பிறர் செய்வதைக் காணும்போதும் தானே செய்யும்போதும் ஒருங்கே இயங்கும் நரம்பணுக்களை இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளில் கண்டனர். உயிரியலுக்கு டீ.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்று இராமச்சந்திரன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். 2014இல் கிறெகரி ஹிக்கொக் இந்த நம்பிக்கைகளை மறுத்து ஒரு நூலே எழுதவேண்டி வந்தது. ‘இது ஊகம்’ என்று இராமச்சந்திரன் சொல்லும் இடங்கள் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் குரலில் ஊகத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் ஒரே வேகம், ஒரே உற்சாகம். கேட்டு முடித்தவரின் நினைவில் கதை நிற்கிறது, ‘இருக்கலாம்’ என்ற சொல் நிற்பதில்லை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் நாம் செய்த பிழை. நண்பருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஒலிநாடாவில் பதிந்த உரையை நிறுத்தி நிறுத்தி நாம் தமிழில் சொன்னோம். இல்லாத காலுக்கு என்ன பெயர் வைப்பது? ‘பேய்க்கால்’ என்றோம். ‘பேய் இல்லை மச்சான், அது என்ர கால்தான்’ என்றார். பிறகு கண்ணாடிக்கு வந்தோம். கையிழந்தவர் பெட்டிக்குள் நிறுத்திய கண்ணாடியில் தம் மற்றக் கையின் பிம்பத்தைப் பார்த்து அசைக்க, இல்லாத கை விரிந்து வலி குறைந்த கதை அது. இராமச்சந்திரனும் டயான் றொஜர்ஸ் இராமச்சந்திரனும் 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது.

அன்றிரவே அலுமாரிக் கதவின் கண்ணாடியைக் கழற்றினோம். அதை இரு கால்களுக்கும் இடையே நீளவாக்கில் நிறுத்தி, இடது பாதத்தின் பிம்பத்தைப் பார்த்தபடி விரல்களை மடித்து விரித்தார். ‘விரியுது மச்சான்!’ என்றபோது வீடே சிரித்தது. மூன்று கிழமை ஓரளவு நித்திரை கொண்டார். அதன்பின் வலி பழையபடி வந்தது. வலி திரும்பியதைவிட அவர் கேட்ட கேள்விதான் எம்மைத் தைத்தது: ‘அந்த ஆளுக்கு மாறினது எனக்கு ஏன் மாறேல்லை? என்ர மூளையும் பழுதாப் போச்சோ?’ நாம் சொன்ன தமிழில் ‘சிலருக்கு’, ‘ஓரளவு’, ‘எனத் தோன்றுகிறது’ என்ற சொற்கள் எதுவுமே இருக்கவில்லை. கதை சுவையாக இருக்கவேண்டும் என்று அவற்றை நாமே உதிர்த்துவிட்டோம்.

இதன் பிறகு ஆய்வு நின்றுவிடவில்லை. 2007இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் காலிழந்த 22 பேரைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வில், கண்ணாடியைப் பார்த்துப் பயின்றவர்களுக்கு வலி குறைந்தது. எனினும் ஆய்வுகள் பலவும் சிறியவை, எல்லோருக்கும் பலன் ஒரேமாதிரி இல்லை. அயல்வீட்டார் குடிபுகுந்த கதைக்கும் சோதனை வந்தது. 2013இல் ரமர் மக்கினும் சகாக்களும், இல்லாத கையின் வலி கூடியவர்களில் மூளையின் கைப்பகுதி தன் இயல்போடு பேணப்பட்டிருப்பதைக் காட்டினர். 2025இல் வெளியான ஆய்வு, கை அகற்றப்படுமுன்னும் பின்னும் மூன்று பேரின் மூளையைப் படம்பிடித்து, கையின் வரைபடம் பெரிதாக மாறாமல் இருப்பதைக் கண்டது. வீட்டுக்காரர் வளவை விட்டுப் போகவேயில்லை. ‘அது என்ர கால்தான்’ என்று நண்பர் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

கதையின் பலத்தை இத்துறை தன் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. இல்லாத உறுப்பின் உணர்வுக்கு ஆங்கிலத்தில் இன்றுள்ள பெயரை 1871இல் வழங்கியவர் அமெரிக்க மருத்துவர் வெயர் மிச்செல். அதற்கு ஐந்து வருடம் முந்தி, உள்நாட்டுப் போரில் கைகால்கள் யாவும் இழந்த ஒருவரின் கதையை அவர் பெயர் போடாமல் ஒரு சஞ்சிகையில் எழுதினார். வாசகர் அதை உண்மையென்று நம்பி, கதாபாத்திரத்துக்குப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். கற்பனை மனிதருக்குக் காசு போனதில் நட்டம் சிறிது. உண்மையான மனிதருக்கு நிச்சயம் என்ற பெயரில் ஊகம் போவது அப்படிப்பட்டதன்று.

அப்படியானால் விஞ்ஞானத்தைக் குரலில் சொல்லவே கூடாதா? 1950இல் பேசிய யங் தம் உரைகளுக்கு வைத்த தலைப்பு ‘விஞ்ஞானத்தில் ஐயமும் நிச்சயமும்’. ஐயத்தை அவர் அடிக்குறிப்பில் ஒளிக்கவில்லை, வாசலிலேயே வைத்தார். ஐயமும் ஒரு கதைதான். ஒருவர் ஒன்றை நம்பினார், இன்னொருவர் அளந்து பார்த்தார், கணக்கு இடித்தது என்று சொன்னால் அதில் சுவை குறையாது. இராமச்சந்திரனின் உரைகளிலேயே கூட, முடிவில் சபையோர் கேள்வி கேட்க அவர் பதில் சொல்லும் நிமிடங்கள் உரையைவிட உயிருள்ளவையாக எமக்கு இப்போது கேட்கின்றன.

எம்மிடம் இதற்கான மரபு இல்லாமலில்லை. காதுக்கு எழுதுவது வேறு, கண்ணுக்கு எழுதுவது வேறு என்ற உணர்வோடு சோ. சிவபாதசுந்தரம் ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூலே எழுதிவைத்தார். அவர் பெயர் சூட்டிய ‘தமிழோசை’யின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றுபோனது. இன்று கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் எவரும் ஒலிபரப்பாளராகலாம். அங்கே போரின் காயங்களோடு, மூளை பற்றியும் மனம் பற்றியும் தமிழில் கேட்கக் காத்திருப்போர் எம்மிடையே அநேகர். அவர்களுக்குச் சொல்பவர் ‘சிலருக்கு’ என்ற சொல்லை மட்டும் உதிர்க்காதிருக்கட்டும்.

அந்த முதலாவது உரையை நாம் மீண்டும் தமிழில் சொல்லி, பின்வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பதிவுசெய்து, இப்போது வேறு நாட்டில் வாழும் நண்பருக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்தார். ‘சிலருக்கு மாறும், சிலருக்கு மாறாது எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே மச்சான். கண்ணாடியை நான் விட்டிருக்க மாட்டன். என்னையும் நொந்திருக்க மாட்டன்’ என்றார்.