ஹைஜாக்: வண்டி யாருடையது?

கூலி உயர்வுக்கான கூட்டம் அது. மேடையேறிய நான், களத்துமேட்டுக் கூலியோடு டீக்கடை இரட்டைக் குவளையையும் சேர்த்துப் பேசினேன். இறங்கியதும் அமைப்பாளர் தோளில் கைபோட்டு, "என்ன தோழர், கூட்டத்தையே ஹைஜாக் பண்ணிட்டீங்களே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பட்டா இருந்தது. கூட்டம் அவருடையது, நான் நடுவழியில் ஏறியவன். கீழே உட்கார்ந்திருந்ததில் பாதிக்குமேல் நம்ம சேரி சனம்.

இந்தச் சொல் 1920களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அங்கே மதுவிலக்கு இருந்த காலம் (1920-1933). கள்ளச்சாராய லாரியை வழிமறித்துச் சரக்கைப் பிடுங்குவதற்குப் பெயர் ஹைஜாக். பிறகுதான் விமானத்துக்குப் போனது. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டெல்லி வரவேண்டிய விமானம் காந்தஹாருக்குக் கொண்டுபோகப்பட்டபோது நாமும் இதைத்தான் பேசினோம். இன்று மேடை, போராட்டம், இலக்கியம் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் வருகிறது. ஆனால் அது பிறந்த இடத்தில் பறிகொடுத்தவனும் யோக்கியன் இல்லை. ஆகவே "ஹைஜாக்" என்று கூவுகிறவனிடம் முதலில் கேட்க வேண்டியது: சரக்கு உனக்கு எப்படி வந்தது?

தமிழில் கடத்தல் என்கிறோம். சந்தனக்கட்டை கடத்தல், தங்கக் கடத்தல், விமானக் கடத்தல். நம்ம பையனோடு மனசார வந்துவிட்ட, வயசுக்கு வந்த பெண்ணும் போலீஸ் ஸ்டேஷன் புகாரில் 'கடத்தல்'தான். தன் காலால் நடந்து வந்தவளைச் சரக்காக்க அந்த ஒரு சொல் போதும். அப்பன் சொத்து, சாதிச் சொத்து களவுபோய்விட்டது என்பதே அதன் பொருள்.

இந்தச் சொல் எங்கே வருவதில்லை என்றும் பார்க்க வேண்டும். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை பத்து வருஷம் அந்த நாற்காலியில் யாரையும் நிலைக்கவிடவில்லை. ஒன்று மனுப்போட விடமாட்டார்கள், இல்லையென்றால் தங்கள் ஆளை ஜெயிக்கவைத்து உடனே ராஜினாமா செய்யவைப்பார்கள். மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30இல், பஸ்ஸிலே வந்துகொண்டிருந்தபோது, இன்னும் ஐந்து பேரோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். பஸ்ஸை நிறுத்தினார்கள், பதவியைப் பிடுங்கப் பார்த்தார்கள். ஹைஜாக் என்பதன் முழு அர்த்தமும் இதில் இருக்கிறது. ஆனால் இதைப் 'ஊர்க் கட்டுப்பாடு' என்றும் 'சாதிப் பிரச்சினை' என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பறித்தவனுக்கு ஊர் என்று பெயர், பேசியவனுக்குக் கடத்தல்காரன் என்று பெயர்.

நாமும் இந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். "தலித் இலக்கியத்தை ஹைஜாக் பண்ணிட்டாங்க" என்கிறோம். நம் வலியை அடுத்தவன் எழுதிப் பேர் வாங்கும்போது வருகிற அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் நம் கூட்டத்திலேயே ஓர் அருந்ததியப் பெண் எழுந்து, "உங்க தெருக் குழாய்ல எங்கள விடுறீங்களா?" என்று கேட்டபோது, "விஷயத்த வேற பக்கம் திருப்பாதீங்கம்மா" என்று சொன்னவன் நான்தான். அன்றைக்குப் பட்டா என் சட்டைப்பையில் இருந்தது.

அவள் எதையும் திருப்பவில்லை. வண்டி போகவேண்டிய ஊரைத்தான் சொன்னாள்.