முப்பது இட்லிக் கணக்கு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செஞ்சவங்க டயட் சீட்டில் பெரும்பாலும் முதல் வரி, ‘முதலில் புரதம்’. புரதம் போதுமான அளவு போனா கண்டதைத் தின்னும் ஆசை அடங்கும்னு காரணமும் சொல்வாங்க. இது எவ்வளவு தூரம் உண்மை?

இந்த எண்ணத்துக்கு வலுவான வாதம் வைத்தவர்கள் ஸ்டீபன் சிம்ப்சனும் டேவிட் ராபன்ஹைமரும். 2005ல் கட்டுரையாக எழுதியதை, 2020ல் ‘ஈட் லைக் தி அனிமல்ஸ்’ புத்தகத்தில் எல்லாருக்கும் புரியற மாதிரி சொன்னாங்க. வெட்டுக்கிளியில் தொடங்கிய ஆராய்ச்சி. சுருக்கம் இதுதான்: உடம்பு புரதத்துக்கு ஒரு கோட்டா வச்சிருக்கு. அது நிரம்பற வரை பசி விடாது. சாப்பாட்டில் புரதம் குறைவா இருந்தா, கோட்டாவை நிரப்ப மாவும் எண்ணெயும் சேர்த்து அதிகமா உள்ளே போகும்.

2011ல் இவங்க குழு ஒல்லியான 22 பேரிடம் சோதிச்சது. சாப்பாட்டில் புரதத்தின் பங்கை 15லிருந்து 10 சதவீதமாகக் குறைச்சதும், அவங்க 12 சதவீதம் அதிக கலோரி சாப்பிட்டாங்க. அதிலும் பெரும்பகுதி, வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே கொறிச்ச உப்பு, கார வகைகள். நாவலூரில் சாயங்காலம் பஜ்ஜிக் கடையில் நிற்கற எங்க ஐடி கூட்டத்தை நினைச்சுக்கிட்டேன்.

ஆனா அதே சோதனையில் புரதத்தை 25 சதவீதமா ஏத்தினப்போ, சாப்பிடற கலோரி குறையல. பவுடர் விற்கறவங்க சொல்லாத பாதி இது. பற்றாக்குறை பசியைக் கிளப்பும். கோட்டா நிரம்பின பிறகு கொட்டற புரதம் அதை மேலும் அடக்கும்னு இந்தச் சோதனை காட்டல.

இன்னொரு சிக்கல். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துடறாங்க. பசியைத் தூண்டற க்ரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கற பகுதியும் அதோட போயிடுது. முதல் மாதங்களில் பலருக்குப் பசியே தெரியாது. அப்போ பசி நம்மைப் புரதத்துக்குக் கூட்டிப்போகும்னு நம்ப முடியாது. கணக்குப் போட்டுத்தான் சாப்பிடணும். முழு இரைப்பைக்காரங்க முடிவை அப்படியே இங்கே ஒட்டறது சரியில்லை.

அந்தக் கணக்கில்தான் நம்ம தட்டு தோற்குது. சிகிச்சைக்குப் பின் குறைந்தது நாளைக்கு 60 கிராம் புரதம்னு வழிகாட்டுதல்கள் சொல்லுது. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். அப்போ முப்பது இட்லி! ஒரு இட்லியே நிறைச்சிடற வயிறு அது. சாம்பார் பெரும்பாலும் தண்ணி. ரசத்தைக் கேட்கவே வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18. மீன், கோழி, சுண்டல், தயிர்னு பல வேளையாப் பிரிச்சு, சோத்துக்கு முன்னாடி சாப்பிட்டாத்தான் எட்டும். அதுவும் எட்டாத ஆரம்ப வாரங்களில், டாக்டர் சொல்ற பவுடருக்கு நியாயம் இருக்கு. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவங்களுக்கு அளவே வேற.

பிஸ்கட்டும் மிக்சரும் சின்ன வயித்தில்கூட சுலபமா இறங்கிடும். எடை திரும்ப ஏறினவரைப் பார்த்து ‘நாக்கைக் கட்டத் தெரியல’ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவருக்குக் கொடுத்த சீட்டில் எத்தனை கிராம், எந்தச் சாப்பாட்டிலிருந்துன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ‘புரதம் சாப்பிடுங்க’ன்னு மட்டும் இருந்தா, அந்தச் சீட்டு பாதிதான் எழுதப்பட்டிருக்கு.