பொம்மை லேத்தைப் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

என்ன லேத் என்று கேட்டால் நம் ஊர்ப் பட்டறைகளில் பதில் அடிக்கணக்கில் வரும். ஆறடி, எட்டடி, அது பெட்டின் நீளம். ஆங்கிலேயர்கள் சென்டர் உயரத்தைச் சொல்வார்கள். அமெரிக்கர்கள் அதை இரட்டித்து, உள்ளே சுழலக்கூடிய விட்டத்தைச் சொல்வார்கள். என்னிடம் இருக்கும் மைஃபோர்ட் எம்எல்7 ஆகவே இங்கிலாந்தில் மூன்றரை அங்குலம், அமெரிக்காவில் ஏழு அங்குலம், செங்கல்பட்டில் 'பொம்மை'. அந்தப் பெயர் எனக்குத் தெரிந்த பட்டறை அண்ணன் முதல் நாளே வைத்தது.

நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில், போர் முடிந்த கையோடு 1946-ல் வெளிவந்த வடிவம் இது. தொழிற்சாலைக்காக அல்ல, வீட்டுக் கொட்டகையில் நீராவி எஞ்சின் மாதிரி செய்கிறவர்களுக்காக. கம்பெனி 2011-ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இதன் புகழ் இன்னும் கூடிவிட்டது. 'அந்தக் காலத்து இரும்பு', 'இப்பல்லாம் யாரு இப்படிச் செய்றான்' என்ற பாட்டை இணையத்தில் எங்கே போனாலும் கேட்கலாம்.

எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கவில்லை. பொய் என்பதால் அல்ல. எதைப் புகழ வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறு எதையோ புகழ்கிறது.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சக்கு மாட்டும் ஸ்பிண்டில் முனை மரையுள்ளது: ஒன்றேகால் அரைக்கால் எல்லாம் இல்லை, ஒன்றும் அரைக்காலும் அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை. மோட்டாரைத் திருப்பி ஓட்டி அழுத்தி வெட்டினால் சக்கு கழன்று கையில் வரும். பாரிமுனையில் வாங்கும் எந்தச் சக்கும் நேராக உட்காராது. பேக் பிளேட் நாமே கடைந்து மாட்ட வேண்டும். லீட் ஸ்க்ரூவும் அங்குலக் கணக்கு. நாடு 1956 சட்டத்தோடு மெட்ரிக்குக்குத் திரும்பிவிட்டது, படகு எஞ்சின் போல்ட்டெல்லாம் மில்லிமீட்டர். மெட்ரிக் மரை வெட்டுவதென்றால் கியர் சக்கரங்களைக் கழற்றி மாற்றி, மரை முடியும் வரை அரை நட்டைத் திறக்காமல், மோட்டாரையே முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் எண்ணெய்க் கிண்ணம் சொட்டுச் சொட்டாக விடும், விட்டதெல்லாம் தரைக்கு.

சரி, நல்லது எது? வொயிட் மெட்டல் பேரிங். தேய்ந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. மூடிக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் ஷிம்மை வெங்காயத்தோல் மாதிரி ஏடு ஏடாக உரித்து, மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். அடுத்து, கிராஸ் ஸ்லைடில் இருக்கும் டி-பள்ளங்கள். வேலைப்பொருளை அதன் மேல் கட்டிவிட்டு, வெட்டும் கருவியைச் சுழலவிடலாம். சுற்றாத பொருளுக்கும் இதில் இடம் உண்டு. இந்த இரண்டுமே, வேறு மிஷின் வாங்க வசதியில்லாத ஒருவனை மனதில் வைத்து யோசித்தவை. புகழ வேண்டியது இந்த யோசனையை. வார்ப்பிரும்பு எல்லாரிடமும்தான் இருக்கிறது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். என் லேத்தில் ஹெட்ஸ்டாக் அருகே ஜிப்பைச் சரியாக இறுக்கினால், டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது சேடில் சிக்கி நின்றுவிடும். அங்கே சரிசெய்தால் இங்கே ஆடும். வருஷக்கணக்காகச் சக்குக்குப் பக்கத்திலேயே வேலை நடந்திருக்கிறது, தேய்மானமும் அங்கேதான். போதாததற்கு மாமல்லபுரத்துக் கடற்காற்று. முதல் வருஷம் பருத்தித் துணி போட்டு மூடிவைத்தேன். துணி ஈரத்தையும் உப்பையும் குடித்து பெட்டின் மேலேயே படுத்துக்கொண்டது. பட்ட புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஆங்கிலப் புத்தகங்கள் குளிர்காலக் கொட்டகைக்கு எழுதப்பட்டவை, அவர்கள் பயப்படுவது ஆறிய இரும்பின் மேல் வியர்க்கும் நீருக்கு. நமக்கு வருஷம் முழுக்க உப்பு. இப்போது துணியில்லை, கெட்டி எண்ணெய் மட்டும்.

சென்னையிலிருந்து வந்த ஒரு சேகரிப்பாளர், "எதையும் தொடாதீங்க சார், ஒரிஜினல் போயிடும்" என்று சொல்லி நல்ல விலையும் சொன்னார். பட்டறை அண்ணனோ, "பெட்டைக் கழட்டி கிரைண்டிங் குடுத்துடு தம்பி" என்றார். கிரைண்டிங் கொடுத்தால் உலோகம் போகும், சேடிலும் டெயில்ஸ்டாக்கும் தாழும், லீட் ஸ்க்ரூவோடும் சென்டரோடும் உயரம் ஒத்துவராது. இரண்டு பேர் சொன்னதும் எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாவது வழி வடிவத்துக்குள்ளேயே இருந்தது. இந்த மாடலின் பழைய லேத்களில் சேடில், முன் தண்டவாளம் ஒன்றின் இரு பக்கத்தையும் மட்டும் பிடித்து ஓடும். பிடி குறுகலாக இருந்தால் கோணாது என்பது பாடப்புத்தகக் கொள்கை. கொள்கை சரிதான். ஆனால் தேய்மானம் முழுக்க அந்த ஒரே தண்டவாளத்துக்குப் போய்ச்சேரும். பின் தண்டவாளத்தின் வெளிமுகம் ஒருநாளும் உரசப்படாமல் புதிதாகவே இருக்கிறது. சேடிலின் பின்புறம் மெல்லிய எஃகுப் பட்டை ஒன்றைப் பொருத்தினால் அது அந்த முகத்தைப் பிடித்துக்கொள்ளும். 1970-களின் தொடக்கத்தில் கம்பெனியே அகலப் பிடிக்கு மாறியது. தன் கொள்கையைத் தானே கைவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டில் ஒரு கீறல்கூட விழாது. வேண்டாமென்றால் பட்டையைக் கழற்றிவிடலாம். 'ஒரிஜினல்' என்று பேசுகிறவர்கள் இதற்கு ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பட்டையைப் பொருத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதன் தடிமனுக்குத்தான் நேரம் பிடித்தது; தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்து. இப்போது சேடில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கனத்தில் நகர்கிறது. பட்டறை அண்ணன் வந்து கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சதுரங்கப்பட்டினத்துப் படகு ஒன்றின் கன்மெட்டல் புஷ்ஷை அனுப்பிவைத்தார், ஆறடி லேத்தில் அவ்வளவு சின்னதைப் பிடிப்பது கஷ்டமாம்.