ஊதாப் பென்சில் எழுத்து

போர்முனையிலிருந்து வந்த பழைய கடிதம் ஒன்று கைக்குக் கிடைத்தால் உடனே படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் எழுத்தின் நிறத்தைப் பாருங்கள். வரி சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டிருக்கும். நடுவில் நாலைந்து எழுத்து மட்டும் பளிச்சென்று ஊதாவாக இருக்கும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் மைக்கூடும் பேனாவும் கொண்டுபோவது பெரும்பாடு. அதனால் பல சிப்பாய்களின் பையில் இருந்தது காப்பியிங் பென்சில். உலர்ந்த தாளில் அது சாதாரணப் பென்சில் மாதிரி எழுதும். ஈரம் பட்டால் சாயம் கரைந்து ஊதாவாகிவிடும். துளி விழுந்த இடத்தில் அந்த ஊதா வட்டமாகப் பரவி எழுத்தையே மூழ்கடித்திருக்கும். நுனியை நாக்கில் தொட்டு எழுதிய இடத்தில் கோடு கலையாமல் அடர்ந்து நிற்கும். எந்தச் சொல்லுக்கு முன்னால் எழுதியவன் நிறுத்தினான், பென்சிலை வாயில் வைத்து யோசித்துவிட்டு எங்கே தொடர்ந்தான் என்பதுகூட நூறு வருஷம் கழித்து நமக்குத் தெரிகிறது. அச்சில் ஏற்றிய கடிதத்தில் இந்த நயம் கிடைக்கவே கிடைக்காது.

கடிதம் வந்த உறையும் அப்படித்தான். 1914இல் கடல் கடந்து போன இந்தியப் படைகளுக்கென்று, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட இந்தியத் தபால்தலையின் மேல் ‘ஐ.இ.எஃப்.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைக் கறுப்பில் அச்சடித்துக் கொடுத்தார்கள். களத் தபால் நிலைய முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும்தான். பட்டாளத்துக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. இன்றும் பெயர், படைப்பிரிவோடு ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் எண்ணை எழுதினால் போதும், கடிதம் பனிமலைக்குப் போய்ச் சேரும். கணவர் எந்த மலையில் இருக்கிறார் என்று எழுதியவளுக்குத் தெரியாது. தபால்தலை ஆசையில் உறையின் மூலையைக் கத்தரித்து எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. தலை, முத்திரை, தணிக்கை அதிகாரியின் கையெழுத்து எல்லாம் ஒரே உறையில் சேர்ந்திருக்கும்போதுதான் அது எந்தப் போர், எந்தப் படை, எந்த மாதம் என்று சொல்ல முடியும்.

தணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்க 1914 கடைசியில் ஓர் அலுவலகம் வைத்தார்கள். ஹாவெல் என்ற காப்டன் அதன் பொறுப்பில் இருந்தார். சந்தேகத்துக்குரிய கடிதங்களோடு, படையின் மனநிலையைக் காட்டும் கடிதங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக மேலிடத்துக்கு அனுப்பினார்கள். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன. வேவு பார்க்க எடுத்த மொழிபெயர்ப்புகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கண்காணிப்பு இருப்பது சிப்பாய்க்கும் தெரியும். அதனால் இந்தியப் படையைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரப் படையைச் சிவப்பு மிளகு என்றும் மறைத்து எழுதினார்கள். கருமிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்றால் நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். மளிகைச் சீட்டு மாதிரி ஒரு வரி. அதற்குள் ஒரு பட்டாலியனே அழிந்து கிடக்கிறது. தணிக்கையாளர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்ததால்தான் அது நம் வரைக்கும் வந்தது.

அந்தத் தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் வட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள். நம் தமிழர்கள் போகாமல் இல்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: இங்கிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. எண்ணிக்கை உண்டு, ஒரு பெயர்கூடக் கிடையாது.

பெயர் இருக்கும் இடம் பதக்கத்தின் விளிம்பு. அந்தப் போருக்காகக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் முகத்தில் அரசர் தலை. லட்சக்கணக்கான பதக்கங்களிலும் அதே தலை. விளிம்பைத் திருப்பினால் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பதித்திருக்கும். சண்டை போட்டவருக்கு வெள்ளி. சுமை தூக்கியவருக்கும் தொழிலாளர் படையில் மண் வெட்டியவருக்கும் வெண்கலம். அந்த வெண்கலப் பதக்கம்தான் என் மனத்தை அதிகம் தொடுகிறது. வெள்ளிப் பதக்கங்களில் எத்தனையோ அடகுக்கடை வழியாக உருக்குச் சட்டிக்குப் போய்விட்டன. பதக்கம் கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். மினுமினுப்பு வரும், பெயர் தேய்ந்துபோகும்.

இப்படிப்பட்ட பெயர்களைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். எங்கள் சந்தாபுராவிலிருந்து ஓசூர் சாலையில் நேராகப் போனால் பெங்களூர். அங்கே அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமையிடம். அந்தப் படைக்காரர்களுக்குத் ‘தம்பி’ என்றே செல்லப்பெயர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில் வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டு, இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படைக்காரர்தான். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து சந்தாபுராவிலும் அத்திபள்ளியிலும் குடியேறியவர்களின் வீடுகள் பலவற்றில் ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ பட்டாளத்தில் இருந்திருப்பார். அவருடைய ட்ரங்குப் பெட்டி பரணில் இருக்கும். அடுக்ககத்துக்கு வீடு மாற்றும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது அந்தப் பெட்டியில் இருக்கும் காகிதம்தான்.

அந்தக் காகிதத்தைக் கடைக்குப் போடாதீர்கள். லேமினேஷனும் வேண்டாம், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது. செலோ டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் துரு ஏறுமுன் மெல்லக் கழற்றுங்கள். மடிப்பைப் பிரித்து, அமிலமில்லாத தாளுறையில் கிடையாக வையுங்கள். வெயிலும் ஈரமும் படாமல் இருந்தால் போதும். இரண்டு பக்கமும் உறையோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே உட்கார வைத்து, யார் யாருக்கு எழுதியது, அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டு, தாளுறையின் மேல் சாதாரணப் பென்சிலால் எழுதி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணில் ஏறிப் பாருங்கள்.